பூசி மறைத்த எண்

எங்கள் சந்தில் சுனந்தா தாயி தினமும் காலையில் குளித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியோடு வாசலுக்கு வருவாள். அவள் வீட்டுக் கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவரில் நீலச் சாயத்தால் ஓர் எண் எழுதியிருக்கிறது. அதன் மேல் படிந்திருக்கும் தூசியைத் தட்டுவாள். நடுவில் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பாள். பிறகு இரண்டு கையையும் குவித்து ஒரு கும்பிடு. வீட்டுக்குள் இருக்கிற சாமிக்கு விளக்கு அதற்கு அப்புறந்தான். தாராவிக்கு வந்த இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ விதமான கும்பிடுகளைப் பார்த்திருக்கிறேன். எண்ணைக் கும்பிடுவதை இப்போதுதான் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கும்பிட ஓர் எண் இருக்கிறதே என்று வயிறுதான் எரிகிறது.

ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அது என்ன எண் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அதற்காக வீடு வீடாக வந்து ஆள் பெயரைக் கேட்டு, போட்டோ எடுத்து, சுவரில் ஓர் எண்ணைத் தெளித்துவிட்டுப் போனார்கள். எண் இருந்தால் அந்த இடத்தில் ஒரு வீடு இருந்ததாகக் கணக்கு. கணக்கில் வந்தால்தான் பிற்பாடு மாற்று வீடு. இல்லாவிட்டால் நாம் இங்கே குடியிருந்ததே கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது எண் இல்லை. முன்பு இருந்தது. கிறிஸ்து பிறப்புக்கு வீட்டைத் தயார் பண்ணுகிறேன் என்று சொல்லி நான்தான் அதைப் பூசி மறைக்க வைத்தேன். என் மகள் ஜெனிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் இரண்டு வரிக்கு மேல் பொறுமை கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலத்தின் நான்கு வாரத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது காத்திருக்கிற காலம். மேளதாளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கல்யாணத்தை அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நவம்பர் கடைசியில் தாலி கட்ட வைத்து, ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் நான் இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணி தோல் பை தைக்கிற ஒரு கார்கானாவில் வேலை பார்த்தார். அறையில் அடுப்புக் கரியும் தோல் ஒட்டுகிற பசையின் வாடையும் சுவரோடு சுவராக ஏறிக் கிடந்தன. நான் மூட்டையைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் வெள்ளையடித்துவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நாமும் அடித்துவிடுவோம் என்று சொல்லி, அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கிவந்து ஒரு பழைய வாளியில் கரைத்தார். புது வளையல் கையோடு நான் கீழ்ப்பாதி அடித்தேன், அவர் மேல்பாதி அடித்தார். மறுநாள் ஞாயிறு. வெள்ளைச் சுவருக்கு நடுவில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தபோது, சரி, இங்கேயும் கர்த்தர் வருவார் போலிருக்கிறது என்று தோன்றியது.

அதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. சுண்ணாம்பு போய் டிஸ்டெம்பர் வந்தது. ஜெனி பிறந்த வருஷம் ரோஸ் நிறம். அந்தக் கார்கானா மூடி, இன்னொன்றில் வேலை கிடைக்கும்வரை அவர் சும்மா இருந்த வருஷம், யாரோ அடித்து மிச்சம் வைத்த பச்சை. வெள்ளம் வந்து வடிந்த வருஷம் அடர் மஞ்சள், கறை தெரியாமல் இருக்க. எந்த வருஷம் என்ன நிறம் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஊரைப் பற்றி ஏங்கி எழுதுகிற ஆள் இல்லை நான். ஊரில் எனக்கு நல்லது நடந்ததாக அப்படி ஒன்றும் நினைவில்லை. ஆனால் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அங்கிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். வருகிறவர் கடவுள். அவர் வரும்போது சுவரில் ஒரு கை அழுக்கு இருக்கக் கூடாது. பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சந்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

எண் எழுதியது போன வருஷம், மழை ஓய்ந்த பிறகு, நாங்கள் அந்த வருஷத்து வெளிர்நீலத்தை முன்கூட்டியே அடித்து முடித்திருந்த சமயம். கையில் டேப்லெட் வைத்திருந்த பையன்களும் பெண்களும் வந்தார்கள். ஆள் இருந்த வீடுகளுக்கு முதலில், பூட்டியிருந்த வீடுகளுக்குத் திரும்பி வந்து என்று எழுதியதால் எண்கள் வரிசையாக இல்லை. எங்கள் எண்ணின் சாயம் ஒழுகிக் கீழே இறங்கிவிட்டது. பார்க்கவே சகிக்கவில்லை. அந்தத் தசராவுக்குச் சுனந்தா தாயி தன் வீட்டு எண்ணுக்குக் குங்குமம் வைத்த கையோடு எங்கள் எண்ணுக்கும் வைத்துவிட்டுப் போனாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. வயதிலும் எனக்கு அக்காதான். இருபது வருஷத்துக்கு மேலாகச் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கிறோம். ஒரே சந்து, உன் வீட்டுக்கும் நல்லது நடக்கட்டும் என்று இந்தியில் சொன்னாள். நானும் பல்லைக் காட்டினேன். அவள் உள்ளே போனதும் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாளும் வைத்தாள். மறுநாளும் துடைத்தேன். டிசம்பர் வந்ததும் நட்சத்திரத்தைச் சரியாக அந்த எண்ணின் மேல் தொங்கவிட்டேன். அதோடு அந்த வருஷத்துத் தொல்லை தீர்ந்தது. ஜனவரியில் நட்சத்திரத்தைக் கழற்றியதும் அவள் வைக்க, நான் துடைக்க என்று மறுபடியும் தொடங்கியது.

இந்த வருஷம் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் வெளிச்சுவருக்குச் சந்தன நிறம் அடித்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்காரர். நின்று நின்றுதான் அடிக்க முடிகிறது. கதவுப் பக்கம் வந்ததும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏளா, இந்த நம்பர விட்டுட்டு அடிக்கட்டா?”

“அத மட்டும் விட்டா செரங்கு மாதிரி தெரியும். பேரு எல்லாம் அவுக மிஷின்ல ஏறியாச்சுல்லா. அடிங்க.”

அவர் ஒரு நிமிஷம் என்னையும் சுவரையும் பார்த்தார். பிறகு அடித்தார். ஒரு கைக்கு நீலம் தெரிந்தது. இரண்டாவது கை நான் சொல்லித்தான் அடித்தார். மூன்றாவது கையில் சுவர் சுத்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாள் ஞாயிறு, நாங்கள் இரண்டு பேரும் தமிழ்ப் பூசைக்குப் போனோம். பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை வளையத்தில் நான்கு மெழுகுதிரி, மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். முதல் ஊதாத் திரியை ஏற்றினார்கள். சாமியார் அன்றைய வாசகத்தை ஒட்டிப் பிரசங்கம் வைத்தார். வீட்டுத் தலைவர் எந்த நேரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது, வரும்போது நாம் தூங்கிக் கிடக்கக் கூடாது, தயாராக இருக்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டிக் கேட்டேன். என் வீடு தயாராக இருக்கிறது, சுவர்கூட இன்னும் காயவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் அங்கே தலையை ஆட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சர்வே ஆட்கள் எங்கள் சந்துக்கு வந்திருக்கிறார்கள். எழுதிய எண்ணையும் ஆளையும் ஒத்துப் பார்க்க வந்த இரண்டாவது சுற்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்து வந்தவர்கள்.

திரும்பி வந்தபோது சுனந்தா தாயி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புடவை முந்தானையில் சந்தன நிறம் ஒட்டியிருந்தது. “டீச்சர், வோ லோக் ஆயே தே,” என்றாள், அவர்கள் வந்தார்கள் என்று. எங்கள் சுவரில் கையை வைத்துக்கொண்டு, இங்கே எண் இருந்தது, இதற்குக் கீழேதான் இருக்கிறது, இவர்கள் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், அரை மணி நேரம் நில்லுங்கள் என்று சண்டை போட்டிருக்கிறாள். ஈரச் சாயம் புடவையில் ஒட்டியது அப்போதுதான். அவர்கள் நிற்கவில்லை. எண் இருந்த வீடுகளில் ஆளைப் பார்த்தார்கள், எண் இல்லாத, பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைக் கடந்து போனார்கள். சின்ன வயதில் வேதபாடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நிலையில் ஆட்டு ரத்தத்தால் அடையாளமிட்ட வீடுகளைத் தொடாமல் சாவு கடந்து போன கதை. அங்கே கடந்து போனது பிழைப்பு. இங்கே கடந்து போனால் செத்தோம்.

திங்கட்கிழமை பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, அவர்கள் முகாம் போட்டிருந்த இடத்துக்குப் போனோம். கூப்பிடாமலேயே தாயியும் கூட வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெனி வயதில் ஒரு பையன். நல்ல மரியாதையாகத்தான் பேசினான். எண்ணைக் கேட்டான். எண் தெரிந்தால் உடனே எடுத்துவிடலாம் என்றான். நானூற்றுப் பதினெட்டு என்றார் இவர். நானூற்று எண்பத்தொன்று என்றேன் நான். அவன் இரண்டையும் போட்டுப் பார்த்தான். ஒன்று ஓர் இட்லிக் கடை, இன்னொன்று யாரோ ஒரு ஷேக். பெயரை வைத்துத் தேடச் சொன்னோம். அந்தோணி என்று திரை முழுக்க வந்தது, விதவிதமான எழுத்துக் கூட்டலில். கடைசியில் சந்தின் பெயரை வைத்துத் தேடி, நேற்றைக்குப் பதிவான ஒரு வரியைக் கண்டுபிடித்தான். எண் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை. முப்பது வருஷக் குடித்தனம் அதில் முடிந்துபோயிருந்தது.

வேறு காகிதம் இருக்கிறதா என்று கேட்டான். மின்சார பில் வீட்டை எங்களுக்குக் கொடுத்தவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் செத்துப் பல வருஷம். ரேஷன் கார்டில் கல்யாணத்துக்கு முன்னால் அவர் தங்கியிருந்த வேறொரு சந்தின் விலாசம். எங்கள் பெயரில், எங்கள் முகத்தைப் பார்த்து, இந்தச் சுவருக்கென்று கிடைத்த ஒரே அடையாளம் அந்த எண்தான். எண் தெரிகிற மாதிரி போட்டோ இருந்தாலும் போதும் என்றான். போனில் போன வருஷத்துக் கிறிஸ்மஸ் படங்களைத் தேடினேன். ஜெனியும் மருமகனும் பேத்தியும் வாசலில் நிற்கிற படங்கள் பத்துப் பதினைந்து இருந்தன. எல்லாவற்றிலும் சுவரின் அந்த இடத்தில் பெரிய நட்சத்திரம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு நாலு எட்டிப் பார்த்தது. அவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அப்போது அவன் ஒன்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆறுதலாகத்தான் கேட்டான். “காவ் மே தோ கர் ஹோகா நா, அங்கிள்?” ஊரில் வீடு இருக்கும்தானே. என் வீட்டுக்காரர் இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டார். வீடு இருக்கத்தான் செய்கிறது. அதில் அவர் தம்பி இருக்கிறார். அங்கே உள்ள ரேஷன் அட்டையில் எங்கள் பெயரை அடித்துப் பல காலமாகிறது. பம்பாயில்தானே இருக்கிறீர்கள், உங்களுக்கு எதற்கு என்று அன்றைக்கு அவர்கள் சொன்னதும் ஆறுதலாகத்தான். குடிக்கணக்கு எழுத வேண்டும் என்று அரசன் கட்டளை போட்டபோது சூசையப்பர் நிறைமாத மனைவியைக் கூட்டிக்கொண்டு தன் சொந்த ஊருக்கு நடந்தார். போய்ப் பெயர் கொடுக்க அவருக்கு ஓர் ஊர் இருந்தது. தங்க இடம்தான் கிடைக்கவில்லை. எங்களுக்குத் தங்க இடம் இருக்கிறது, பெயரை எழுதிக்கொள்ளத்தான் எந்த ஊரும் தயாராக இல்லை.

தாயி அதுவரை சும்மா நின்றவள் மேஜைக்கு முன்னால் வந்தாள். தப்பு என் மேல், இவர்கள் மேல் இல்லை என்று அந்தப் பையனிடம் மராத்தியில் சொன்னாள். இவர்கள் கிறிஸ்தவர்கள், குங்குமம் இவர்களுக்கு ஆகாது, நான்தான் தெரியாமல் அந்த எண்ணுக்குக் குங்குமம் வைத்தேன், அதை எடுப்பதற்காகத்தான் இவர்கள் வெள்ளையடித்தார்கள், என் தப்புக்கு இவர்களைத் தண்டிக்காதே என்றாள். பையன் சிரித்துவிட்டு, ஆயி, இதில் குங்குமம் எழுதுவதற்குக் கட்டம் இல்லை என்றான். என் வீட்டுக்காரர் அவசரமாக, அதெல்லாம் இல்லை, எங்களுக்கு வருஷா வருஷம் அடிக்கிற வழக்கம் என்று மறுத்தார். அவர் உண்மையைத்தான் சொன்னார், அவருக்குத் தெரிந்த உண்மையை. நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் சரிபார்க்க ஆள் அனுப்புவோம், நாள் நேரம் சொல்ல முடியாது, வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், இரண்டாவது தடவையும் பூட்டியிருந்தால் கஷ்டம் என்று பையன் சொல்லி அனுப்பினான். எப்போது வருவார்கள் என்று நான் திரும்பக் கேட்டேன். தயாராக இருங்கள் என்றான். சாமியாரும் அதையேதான் சொன்னார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கார்கானாவுக்குப் போகவில்லை. கதவுக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பொதுக் கழிப்பறைக்குப் போவதென்றால்கூட, நான் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துப் போனார். இரண்டாவது ஞாயிறு நான் மட்டும் பூசைக்குப் போனேன். கல்யாணமாகிக் குடியிருக்கிற நெருளிலிருந்து ஜெனி வந்திருந்தாள். அவள் எப்போதும் அரை இந்தியில்தான் சண்டை போடுவாள். “பஸ் கரோ மா, போதும். அங்க வந்துருங்க, ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. இந்த டப்பா வீட்டுக்காக டாடி வாட்ச்மேன் மாதிரி உக்காரணுமா?” வாடகை வீட்டில் இருக்கிற பிள்ளை, மாமியாரும் கூட இருக்கிறாள். காலி அறை என்று அவள் சொன்னது துணி காயப்போடுகிற இடம். நாங்கள் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும் என்று இவர் சொன்னார். அவள் போகும்போது அழுதாள். நான் குடில் வைப்பதில் கவனமாக இருப்பது போல வைக்கோலை உதறிக்கொண்டிருந்தேன்.

குடில் வைத்தோம். அதை விட முடியாது. மாதா, சூசையப்பர், இரண்டு ஆடு, கால் உடைந்த ஒரு மாடு. தீவனத் தொட்டி காலியாக இருக்கும். குழந்தை சுரூபத்தை இருபத்துநான்காம் தேதிப் பூசை முடிந்து வந்துதான் வைப்போம். அதுவரை அவர் பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்குள் இருப்பார். முந்தின வருஷங்களில் அந்தக் காலித் தொட்டியைப் பார்த்தாலே மனசு நிறையும். வரப்போகிறவருக்குப் போட்டு வைத்த இடம் அல்லவா. இந்த வருஷம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எண் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்டது.

திருநாளுக்கு முன்னால் எல்லாரும் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவோம். நானும் போனேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் மங்களூர்ப் பக்கத்துச் சாமியார். எனக்குத் தெரிந்த இந்தியில் முழங்கால் போட்டுச் சொன்னேன், வீட்டு எண்ணின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டேன் என்று. அது பாவம் இல்லையே அம்மா என்றார் அவர். பாவந்தான் என்றேன். செரங்கு மாதிரி தெரியும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னது பொய். எண் என்னை உறுத்தவே இல்லை. அதன் மேல் இருந்த குங்குமந்தான் உறுத்தியது. வருகிற கர்த்தர் முதலில் அதைப் பார்த்துவிடுவாரோ என்று கூச்சம். கோயில்காரர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று அதைவிடப் பெரிய கூச்சம். எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒருத்தி தினமும் வைத்த பொட்டு அது. அவள் எல்லார் முன்னாலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டபோது, அது உண்மை என்று தெரிந்தும் ஊமையாக நின்றேன். இதில் எத்தனை அவருக்குப் புரிந்ததோ. அழுகையும் இந்தியும் சேர்ந்து என் வாயில் கஞ்சியாகிவிட்டது. நல்ல அண்டை வீட்டார் கிடைத்திருக்கிறார், நன்றி சொல்லுங்கள் என்று சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

மந்திரம் சொல்லி முடித்து நேராகத் தாயி வீட்டுக்குப் போனேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குங்குமத்துக்காகத்தான் அழித்தேன் தாயி, நீ அங்கே சொன்னதுதான் நிஜம் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “முஜே மாலும் ஹை, டீச்சர்.” எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே போனதும் நீ துணியை நனைத்துக்கொண்டு வருவாயே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்காதா, நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தானே என்றாள். அப்படியானால் ஏன் மறுநாளும் மறுநாளும் வைத்தாய் என்று கேட்டேன். நீ உன் வேலையைச் செய்தாய், நான் என் வேலையைச் செய்தேன் என்றாள். பிறகு ஒரு கிண்ணத்தில் காயைப் போட்டு மூடிவிட்டு, அந்தப் பையன் அதையாவது நம்பி உங்கள் பெயரை எழுதியிருக்கலாம் என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றை மகிழ்ச்சி ஞாயிறு என்போம். ரோஜா நிறத் திரி அன்றைக்குத்தான். பூசை முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரர் ஸ்டூலின் மேல் ஏறி நின்று பட்டி பார்க்கும் தகட்டால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேல்பூச்சை மட்டும் பதமாக எடுத்துவிட்டால் நீலம் வெளியே வந்துவிடும் என்று யாரோ பெயிண்டர் சொல்லியிருக்கிறான். ஒரு சாண் அகலத்துக்குச் சந்தன நிறம் உதிர்ந்திருந்தது. நீலம் வெளியே வரத்தான் செய்தது, ஆனால் தூளாக வந்தது. அவர் நகத்திலும் புருவத்திலும் நீலம். சுவரில் இல்லை. மெதுவாகச் சுரண்டுங்கள் என்று நானும் இன்னொரு தகட்டை எடுத்துக்கொண்டேன். எண் போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை. நீலத்துக்குக் கீழே முந்தின வருஷத்து வெளிர்நீலம், அதற்குக் கீழே ஒரு காவி. வெள்ளம் வந்த வருஷத்து மஞ்சள் வந்தது. கார்கானா மூடிய வருஷத்துப் பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே ரோஸ் நிறம் தெரிந்ததும் அவர், “ஜெனி,” என்றார். சுரண்டச் சுரண்டக் கிறிஸ்மஸாக உதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை. அதற்குக் கீழே செங்கல்.

அந்தக் குழியின் ஓரத்தில் எல்லாப் பூச்சும் வரி வரியாகத் தெரிந்தன. நான் விரலால் எண்ணிப் பார்த்தேன். கல்யாணமாகி எத்தனை வருஷமோ அத்தனை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவசரமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாள் முகாமுக்கு ஓடினேன். மேஜையில் வேறு ஒரு பெண் இருந்தாள். சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது, ரிப்பேருக்கு இங்கே எழுதிக்கொடுக்க முடியாது என்றாள். நான் விளக்கிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆள் வருவார்கள் ஆன்ட்டி, வீட்டில் இருங்கள் என்றாள். நான்காவது வாரமும் ஒருவரும் வரவில்லை.

இருபத்துநான்காம் தேதி பூசை இங்கே சாயங்காலமே முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பூசைக்கு நாங்கள் தனித்தனியாகப் போனதே இல்லை. இன்றைக்கு யார் வரப்போகிறார்கள், வாருங்கள் என்று கூப்பிட்டேன். போன தடவையும் பூசை நேரத்தில்தானே வந்தார்கள் என்றார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். கோயிலில் குழந்தையைத் தூக்கிக் குடிலில் வைத்தபோது மணி அடித்தார்கள், எல்லாரும் முழங்காலிட்டார்கள். நான் கைப்பையில் இருந்த போனைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டிருப்பாரோ என்றுதான். கூப்பிடவில்லை.

திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் புதுச் சட்டை போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுரண்டிய இடத்தை நட்சத்திரம் மறைத்துவிடக் கூடாது என்று அதைத் தள்ளி மாட்டியிருந்தார். ஒருவேளை வந்தால் கேட்பார்களே. பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து பஞ்சை விலக்கினார். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு பாட்டுப் பாடுவோம். இந்த வருஷம் பாடவில்லை. சுரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

“இவர உள்ள உக்கார வச்சிருவோம், பிலோமி. ஒரு ஆளு இருந்தா, வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுத மாட்டாவல்லா.”

இப்போது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிறந்துவிட்டது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளோடு பிரிக்க வேண்டிய குடிலை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த பட்டியல் எப்போது என்று முகாமில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மேஜையையே இன்னொரு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. கார்கானாவில் இவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. சுனந்தா தாயி காலையில் தன் எண்ணுக்குப் பொட்டு வைத்துவிட்டு, குங்குமச் சிமிழோடு எங்கள் சுவருக்கு முன்னால் வந்து ஒரு நிமிஷம் நிற்கிறாள். வைக்க இடம் இல்லாமல் திரும்பிப் போகிறாள். ஊரில் எங்கள் பெயர் அட்டையில் இல்லை, இங்கே எண் சுவரில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக வேண்டிய நாட்களில் நான் கதவைப் பூட்டுவதில்லை. உள்ளே வைக்கோலில் ஒருவர் படுத்திருக்கிறார். ஒருக்களித்துச் சாத்திவிட்டு, யாராவது வந்தால் பார்த்துக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.